நாலாவது நண்டுச் சக்கரம்

“ஹலோ... ஹலோ... யாரு, சகலையா? சத்தமாப் பேசுய்யா... என்னது?... இரு, இரு, இங்க மெஷின் ஓடுது, காதுல ஒண்ணும் விழல... ஏம்மா, அதைக் கொஞ்சம் நிறுத்து! உன் தங்கச்சி வீட்டுக்காரர் லைன்ல இருக்காரு!”

அவர் மனைவி பாலிஷ் எந்திரத்தின் விசையைத் தட்டினாள். சுழன்றுகொண்டிருந்த துணிவட்டு முனகி முனகி ஓய்ந்தது. பட்டறைக்குள் மிதந்த அலுமினியத் தூள் அவசரமில்லாமல் தரைக்கு இறங்கியது.

“ஆ... இப்பச் சொல்லு. வீட்டுல எல்லாரும் சுகமா?... சரி சரி, அவசரம்னா அவசரம்தான். எப்பப் பாரு, கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரியே பேசறே... என்ன வீலு?... உனக்கு எதுக்குய்யா பழைய வீலு? நீ ஓட்டறதே கிரேன். அதுக்கு அலங்காரச் சக்கரம் மாட்டி ஊர்வலம் போகப் போறியா?”

தாம் சொன்னதற்குத் தாமே சிரித்துக்கொண்டார். எல்லாருக்கும் அவர் வீல்காரர்தான். கம்பெனி கொடுத்த சக்கரம் போதாதென்று, கார் ஆசைக்காரர்கள் அந்தக் காலத்தில் தனியாக வாங்கி மாட்டிக்கொண்ட அழகுச் சக்கரங்கள் உண்டு அல்லவா? அவற்றைச் செப்பனிடுவது அவர் தொழில். எங்கெங்கோ இருந்து ஆட்கள் படம் அனுப்பி, “இது யார் செய்த வீல், சொல்லுங்கள்” என்று கேட்பார்கள். அவரும் சலிக்காமல் சொல்வார். வழி கேட்பவனுக்கு வழி சொல்லக் கூலி வாங்குவார்களா என்பது அவர் கட்சி.

“படம் அனுப்பியிருக்கியா? இரு, பாக்கறேன். வெச்சுடாதே...”

நெற்றியில் கிடந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பழுப்புநிறச் சட்டம், ஒரு காலில் நூல் சுற்றியது. அதில் கண்ணாடியை எத்தனையோ முறை மாற்றியாயிற்று. சட்டத்தை மாற்ற மட்டும் மனம் வரவில்லை.

படத்தில் ஒரு சக்கரம். சுற்றிலும் கறுப்புச் சேறு. யாரோ உள்ளங்கையால் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறார்கள். நண்டின் கால்களைப்போல் வளைந்த எட்டுக் கம்பிகள். நடுவில் வட்ட மூடி. மூடியில் கொடுக்குகளைத் தூக்கிக்கொண்டு ஒரு நண்டு.

“அட... அடடடா! நண்டு மார்க்! எங்கய்யா புடிச்சே?... ஆமா, ஆமா, அதேதான், நண்டு மார்க் மூடிதான்... மதிப்பா? அதை ஏன் கேக்கறே. மெக்னீசியத்துல வார்த்தது. பலகாரத் தட்டு மாதிரி ஒத்தைக் கையில தூக்கலாம். அந்தப் பட்டறையை மூடி எத்தனையோ வருஷமாச்சு... இரு, இரு, அதுக்குள்ள சந்தோஷப்படாதே. மூடி நண்டு, அதை நான் மறுக்கல. மூடியைப் பாத்து வீலைச் சொல்றது, தொப்பியைப் பாத்து ஆளைச் சொல்ற மாதிரி. தொப்பி இன்னிக்கு இவன் தலையில, நாளைக்கு அவன் தலையில... ம்... ம்... காலைப் பாக்கணும். நண்டுக்காலுக்கு நடு முதுகுல ஒரு கூரு ஓடும், கத்தி விளிம்பு மாதிரி. இதுல காணோமே. எல்லாம் மழமழன்னு வாழைத்தண்டாட்டம் கிடக்கு...”

படத்தைப் பெரிதாக்கினார். கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

“எங்க கிடந்துச்சு?... கல்குவாரிக் குட்டையா? தண்ணிக்குள்ளயா?... ரொம்ப வருஷமாவா?... அட, அப்ப முடிஞ்சுபோச்சு போ. இனிமே பாக்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம். மூடி எவர்சில்வர், அது நிக்கும். அசல் நண்டு வீலு தண்ணியில நிக்காது சகலை. மெக்னீசியம் தண்ணியில கிடந்தா சோடா உப்பாட்டம் பொரிஞ்சு, வெள்ளை மாவாப் போயிடும். இது முழுசா நிக்குது பாரு. அப்ப அலுமினியம். நகலு. பேரில்லாத எவனோ அசலை அச்செடுத்து வார்த்து வித்திருக்கான். ஒரு காலத்துல தெருவுக்கு நாலு கார்ல இதான் சுத்துச்சு... ஆமா... ஆமாய்யா, உறுதியாத்தான் சொல்றேன்... சத்தியம் வேற பண்ணணுமா? எவனோ ஒரு ஏமாந்த சோணகிரி, போலியை மாட்டி, மேல அசல் மூடியைப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சிருப்பான். கழுதைக்குச் சேணம் கட்டிக் குதிரைன்னானாம்!”

வாய்விட்டுச் சிரித்தார். எதிர்முனையில் சிரிப்பில்லை.

“என்னய்யா, சிரிப்பையே காணோம்?... யாரு?... பக்கத்துல யாரு நிக்கறாங்க?... ஸ்பீக்கர்லயா போட்டு வெச்சிருக்கே? அட மடையா, அதை முதல்லயே சொல்றதுக்கென்ன!”

சிரித்த வாய் மூடிக்கொள்ள வழி தெரியாமல் அப்படியே நின்றது. நாக்குக்கு எலும்பில்லை என்பார்கள். எலும்பிருந்தால் ஓரிடத்திலாவது முட்டிக்கொண்டு நிற்கும்.

“அணைச்சுட்டியா?... தள்ளி வந்து பேசு... ம்... ம்... எந்த அம்மா?... புருஷனைக் காணோமா? எப்ப?... காரோடயா?... ம்... பொண்ணு அப்பக் கைக்குழந்தையா, இப்பக் காலேஜ் போகுதா... ஓடிப்போயிட்டான்னு ஊரு சொல்லிடுச்சா. ஊருக்கென்ன, வாய் புளிச்சுதோ மாங்காய் புளிச்சுதோ... ம்... இப்பக் குட்டையை வத்த வெச்சதும் வண்டி வண்டியா வருதா... ஆமா, வேண்டாததையெல்லாம் அங்கதானே தள்ளிவிட்டானுங்க... நம்பர் பலகை?... அதுவும் இல்லையா... உள்ள யாரும் பாக்கலையா?... கூரை வரைக்கும் சேறா... ம்... ம்...”

அவர் மனைவி கையிலிருந்த சக்கரத்தை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

கிரேன்காரர் சொல்லச் சொல்ல விஷயம் அவருக்கு விளங்கியது. குட்டையிலிருந்து எழும்பும் வண்டிகளை இரும்பு நகத்தால் கவ்வி, நசுக்கி, பழைய இரும்பு லாரியில் போடுவதுதான் அங்கே நடக்கும் வேலை. அந்த அம்மாள் தினமும் கரையில் வந்து நின்றிருக்கிறாள். எந்த வண்டிக்கும் வாய் திறக்காதவள், இன்றைக்கு இந்தச் சக்கரத்தைக் கண்டதும் ஓடிவந்து மறித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் வண்டியில் நாலும் அசல் நண்டு வீல், அன்றைக்குக் கொடுத்த புகாரிலும் சொல்லியிருக்கிறேன் என்றாளாம். அங்கே மேற்பார்வைக்கு நின்ற இன்ஸ்பெக்டர் கெட்டவரில்லை. தெரிந்தவரைக் கேட்போம், அசல் என்று சொன்னால் ஆட்களை விட்டுக் கையால் தோண்டிப் பார்ப்போம், இல்லையென்றால் நகம் இறங்கட்டும் என்றிருக்கிறார்.

தெரிந்தவர், இங்கே கழுதைக்கும் குதிரைக்கும் உவமை சொல்லிக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் சொன்னதை வெச்சுத்தானா?... இன்ஸ்பெக்டரும் கேட்டுட்டாரா?... அந்த அம்மா என்ன பண்றாங்க?... அழலையா... சும்மா நிக்கறாங்களா... சகலை, வெளையாட்டாப் பேசினது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா நகல்ங்கறது நிஜம்யா. அதுல பொய் சொல்லச் சொல்றியா? நாளைக்கு ஆண்டவன் முகத்துல முழிக்க வேண்டாமா?... இல்ல, நீ சொல்லல, சரி... யோசிச்சுப் பாரு, அவங்க வண்டி இல்லைன்னா ஒரு வகையில நல்லதுதானே. மனுஷன் எங்கயாவது உசுரோட...”

எதிர்முனை அவரை முடிக்கவிடவில்லை. கேட்கக் கேட்க அவர் தலை தாழ்ந்தது.

“...ஆமா. ஆமாய்யா. நான் அதை யோசிக்கல. எங்கயோ உசுரோட இருக்கான்னா, இவங்களை வேண்டாம்னு விட்டுட்டுத்தான் இருக்கான். அதையும் சுமந்துக்கிட்டுத்தானே இத்தனை வருஷம்... ம்... என்ன, கூப்பிடறாங்களா? நீ மேல ஏறணுமா?... யாரு, எங்கிட்டயா? எங்கிட்டப் பேசணுங்கறாங்களா?... என்னத்தைச் சொல்வேன் நான்... இல்ல, இல்ல, குடு. போனை அவங்க கையில குடுத்துட்டு நீ போ.”

நகத்தை ஓட்டப் போகிறவன் தன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறியிருக்கலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று கேட்டவள் கையில் அதைக் கொடுத்துவிட்டு ஏறினார் கிரேன்காரர். உலகம் இப்படிப்பட்ட சின்னச் சின்ன இரக்கங்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது கொடுப்பவனுக்கும் தெரிவதில்லை.

“ஹலோ... அம்மா, வணக்கம்மா... மன்னிச்சுக்கணும். நீங்க நிக்கறது தெரியாமப் பேசிட்டேன்... இல்லம்மா, நீங்க பெருந்தன்மையாச் சொல்றீங்க... சொல்லுங்க, கேக்கறேன்... ம்... ம்... நாலும் அசல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?... மூணுதான் முதல்ல இருந்துச்சா... ஆமா, ஆமா, நாலாவதுக்கு அலையாத இடம் கிடையாது, நண்டு வீல் வெச்சிருந்த எல்லாரும் அப்படித்தான்... ஓ... நீங்களா? நீங்களாத் தேடிக் கண்டுபிடிச்சீங்களா?... பழைய இரும்புக் கடையில... அசல்னு சொல்லித்தான் குடுத்தானா அவன்... ம்... அவரு பாத்துட்டு என்ன சொன்னாரு?... தூக்கிப் பாத்தாரா. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அசல்தான்னு...”

எங்கேயோ ஒரு கதவு அவருக்குள் அசைந்தது. திறக்கவில்லை.

“அம்மா... உங்க வீட்டுக்காரர் என்ன தொழில் பண்ணினாரு?... சரியாக் கேக்கல, சத்தமாச் சொல்லுங்க... மூக்குக்கண்ணாடி தேய்க்கிறவரா?”

அவர் கை தானாக முகத்துக்குப் போயிற்று. பழுப்புச் சட்டத்தைத் தொட்டது. ஒல்லியான மனிதர். மத்தியான வெயிலில் போர்வை சுற்றிய சக்கரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றவர். வேலைக்குக் கூலியாக இந்தக் கண்ணாடியைக் கொடுத்து, சட்டம் தளர்ந்தால் நானே வந்து சரிபண்ணித் தருகிறேன் என்று சொல்லிப் போனவர், பிறகு வரவேயில்லை. வேலை முடிந்ததும் மறந்துவிட்டார் என்று வீல்காரர் நெடுநாள் மனத்தாங்கலோடு இருந்திருக்கிறார்.

போனுக்குள் ஒரு எந்திரம் செருமியது. பிறகு உறுமத் தொடங்கியது.

“அம்மா, அது என்ன சத்தம்?... கிரேனா? ஸ்டார்ட் பண்ணிட்டானா?... அம்மா, சுருக்காச் சொல்லுங்க. படத்துல இருக்கறது ஒரு வீலு. மத்த மூணும் எங்க?... இல்லைன்னா? கழட்டிட்டாங்களா?... கைபட்டதும் உதிர்ந்துச்சா? என்ன நிறம்?... வெள்ளையா? மாவு மாதிரியா?... மூணுமா?... அய்யோ! அம்மா! ஓடுங்க! நகத்தை இறக்க விடாதீங்க! அது உங்க வண்டிதான்!... ஆமா, ஆமா, உங்க வண்டிதான், அப்புறம் சொல்றேன், இப்ப ஓடுங்க! கையைக் காட்டுங்க! கத்துங்க!... டேய் சகலை! இறக்காதடா! சகலை!”

மூடிய பட்டறைக்குள் நின்று, கேட்கவே முடியாதவனைப் பார்த்துக் கத்தினார். தொங்கிய சக்கரங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுத்தன. போனுக்குள் சேற்றில் புதைந்து எழும் காலடிகள், எந்திரத்தின் உறுமல், சங்கிலி இறங்கும் கடகடப்பு. அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள்.

உறுமல் நின்றது.

“ஹலோ... ஹலோ... அம்மா, இருக்கீங்களா?... மூச்சு வாங்கிக்கோங்க... நின்னுடுச்சா?... எங்க நிக்கறீங்க?... வண்டி மேலயே சாஞ்சுக்கிட்டா?... நகம் கூரையைத் தொட்டுடுச்சா?... ஒரு முழம் இருக்கும்போதேவா... ஆண்டவா... ஆண்டவா... யாரு வர்றாங்க?... குடுங்க, குடுங்க, நான் பேசறேன்.”

மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. போன் கைமாறியதும் முதுகு தானாக நிமிர்ந்தது.

“ஐயா, வணக்கம்... ஆமாங்க ஐயா, நகல்னு சொன்னது நான்தான்... இல்லைங்க, மாத்திப் பேசல. இப்பவும் அந்த வீல் நகல்தான்... ஐயா, கோவம் நியாயம்தான், ஒரு நிமிஷம் கேளுங்க. சகலை அனுப்பினது ஒரு வீலோட படம், இருக்கறதுலயே நல்லதாப் பாத்து எடுத்து அனுப்பியிருக்கான். நானும் ஒண்ணைப் பாத்துட்டு நாலுக்கும் தீர்ப்பு சொல்லிட்டேன். ஒரு சோறு பதம் எல்லாம் பானைக்குத்தான் ஐயா, வீலுக்கு ஆகாது... ஆமா... தண்ணியில கரைஞ்சது அசலு, நின்னது நகலு. இங்க மூணு கரைஞ்சிருக்கு, ஒண்ணு நிக்குது. அப்ப மூணு அசல், ஒரு நகல். அசல் நண்டு வெச்சிருந்தவங்க ஒண்ணு கொறைஞ்சா நாலையுமே கழட்டி வெச்சுடுவாங்களே தவிர, நடுவுல நகலைச் சேக்க மாட்டாங்க, அவங்களுக்கு அது தீட்டு. சேத்த மனுஷன் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்... நிரூபணமா? இருக்கு ஐயா. போனைச் சகலைகிட்டக் குடுங்க.”

இப்போது அவர் உட்கார்ந்தார்.

“சகலை... பதறாதே, ஒண்ணும் ஆகல, நீ ஒரு தப்பும் பண்ணல... அழாதய்யா. சொன்னதைச் செய். அந்த வீலைக் கழட்ட முடியுமா?... ஆட்டினாலே வருதா... சரி, திருப்பு. முதுகுப் பக்கம். சேத்தைத் துடை... துணியெல்லாம் தேடாதே, விரலாலயே துடை. போல்ட் ஓட்டை தெரியுதா?... அதுங்களுக்கு நடுவுல பாரு. பழைய ஓட்டையை அடைச்ச மாதிரி வட்ட வட்டமா இருக்கா?... இருக்கா... ஒவ்வொரு அடைப்புக்கும் நடுவுல ஒரு புள்ளி இருக்கணும். பித்தளை. இப்பப் பச்சை பூத்திருக்கும்... எல்லாத்துலயுமா?... நல்லாப் பாத்துச் சொல்லு... ம்.”

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வண்டிச் சக்கரத்தை வேறு வண்டிக்குப் பொருத்தப் புது ஓட்டை போடும்போது, அந்தத் தொழிலில் எல்லாரும் பழைய ஓட்டையை அடைத்துப் பற்றவைத்ததோடு விட்டுவிடுவார்கள். அடைப்பு என்றைக்கும் கழன்றுவிடக் கூடாதே என்ற பயத்தில், அதன் நடுவே ஒரு பித்தளை ஆணியும் அடிப்பது இவருடைய வழக்கம். வேறு யாரும் அந்த வீண் வேலை பார்ப்பதில்லை. மனைவிகூடப் பலமுறை கேலி செய்ததுண்டு.

“அது என் ஆணி சகலை. என் கையால அடிச்சது... ம். ஐயாகிட்டக் குடு... ஐயா, பாத்தீங்களா?... அந்த வீலைச் செஞ்சது யாருன்னா, அது எனக்குத் தெரியாதுங்க, நகல் வார்த்தவன் பேர் போட்டுக்க மாட்டான். யாருக்காகச் சரிபண்ணினேன்னு தெரியும். மூக்குக்கண்ணாடி தேய்க்கிறவர், ஒல்லியா, இடது புருவத்துல ஒரு தழும்பு. அந்த அம்மாகிட்டக் கேட்டுப் பாருங்க... சரியா இருக்கா... வர்றேன் ஐயா, எங்க வந்து சொல்லணும்னாலும் சொல்றேன்... கையாலதானே தோண்டுவீங்க?... நீங்களே நின்னு... நல்லா இருப்பீங்க ஐயா. உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கும்.”

பிறகு சற்று நேரம் போனில் யாரும் இல்லை. மண்வெட்டி சேற்றில் இறங்கும் சத்தம் மட்டும் வந்தது. மெதுவாக, பயந்து பயந்து இறங்கியது.

“அம்மா... நான்தான்... உக்காந்திருக்கீங்களா?... தண்ணி ஏதாவது குடிச்சீங்களா?... இன்ஸ்பெக்டரே குடுத்தாரா. குடிங்க... ம்... கேப்பீங்கன்னு தெரியும்மா. அவரு ஏன் அசல்னு சொன்னாருன்னுதானே?... அவருக்குத் தெரியாம இல்ல... தெரியும்மா. தூக்கின அன்னிக்கே தெரியும். கண்ணாடி தேய்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாதா? கனமே சொல்லியிருக்குமே.”

தயங்கினார். கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. அதை மீறுவதா காப்பதா என்று அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

“யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு. முக்கியமா உங்ககிட்ட. நானும் இன்னிக்கு வரைக்கும் சொல்லல. இப்பச் சொன்னாக் கோவிச்சுக்க மாட்டாரு... போர்வையில சுத்தி, தூங்கற குழந்தையைக் கொண்டுவர்ற மாதிரி கொண்டுவந்தாரு. நான் பிரிச்சுப் பாத்ததுமே, ஐயோ ஏமாத்திட்டானே, திருப்பிக் குடுத்துட்டு வாங்கன்னேன். முடியாதுன்னுட்டாரு. அவ பஸ்ஸுல நின்னுக்கிட்டு, இதை இடுப்புல வெச்சுக் கொண்டுவந்தான்னாரு... ஆமாவா? புடவையெல்லாம் கறையா?... அதையும் சொன்னாரும்மா. ஓட்டை சேரல, எப்படியாவது சேத்துக் குடுங்க, வர்ணமும் ஒண்ணா இருக்கட்டும், அவ ஒரு நாளும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னாரு. அசல் மூடி ஒண்ணைத் தேடிப்பிடிச்சுக் கையோட கொண்டுவந்திருந்தாரு. பீத்திக்கறதுக்கில்லம்மா. உங்களுக்காக. நான்தான் புத்திகெட்டு, இன்னிக்குக் கழுதைன்னும் குதிரைன்னும்...”

மூக்கை உறிஞ்சினார்.

“அன்னிக்கும் கேலிதான் பண்ணேன். மூணு அசலுக்கு நடுவுல ஒரு நகலை ஓட்டப் போறீங்களான்னு. அதுக்குச் சிரிச்சுக்கிட்டே, ‘எனக்கு இதுதான் அசலு, மத்த மூணும் இதுக்குத் துணை’ன்னாரு... ஆமாம்மா. இதே வார்த்தை... அழுங்க. அழுங்கம்மா. நான் எங்கயும் போகல.”

நெடுநேரம் அவர் “ம்” மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் இடைவெளி விட்டு, “ம்... ம்...” என்று. அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடியில் கிடந்த அவர் வெளிச்சட்டையை எடுத்துவந்து மடியில் வைத்தாள். புறப்படவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“என்னம்மா?... அந்த வீலாலயா? அப்படி நெனைக்காதீங்க... இல்லம்மா, சமாதானத்துக்குச் சொல்லல. என்ன நடந்துச்சுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும், நான் பாக்கல. வழுக்கினதோ, குறுக்கே எதாவது வந்துச்சோ... எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். நீங்க குடுத்தது உடையல. விரிசல்கூட விடல. மத்தது எல்லாம் கரைஞ்சுபோச்சு, அது நின்னுச்சு. அது நின்னதாலதான் நகம் இறங்கல... ஆமா... ஆமாம்மா.”

மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது. அவரும் அதைக் கவனித்தார்.

“என்ன, கதவு வந்துடுச்சா?... அம்மா, நீங்க பாக்க வேண்டாம். சகலை பாக்கட்டும், அவன் பாத்துச் சொல்லட்டும்... பாக்கணுமா?... சரி. சரிம்மா. உங்க உரிமை அது. போனைக் கையிலயே வெச்சுக்கோங்க. பேச வேண்டாம். நான் இருக்கேன்.”

துருப்பிடித்த இரும்பு ஒன்று நீளமாக அலறியது. பிறகு சேறு சரிந்து விழுந்தது. வீல்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மடியிலிருந்த கண்ணாடியையும் சட்டையையும் அள்ளிக்கொண்டு எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. மனைவியும் பக்கத்தில் நின்றாள். இருவரும் யாரோ உள்ளே வரப்போவதுபோல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று.

“...ம்.”

“...இருக்காரா.”

“...ம்... ம்... அங்கயேதான் இருந்திருக்காரும்மா. இத்தனை வருஷமும். எங்கயும் போகல.”

கையிலிருந்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“என்னது கையில?... கண்ணாடியா? அவரோடதா?... உடையலையா?... ஆமாம்மா, அவர் தேய்ச்சதாச்சே. சட்டம் போனாலும் கண்ணாடி போகாது. சேத்தைத் துடைச்சா அப்படியே தெளிவாத் தெரியும்... வெச்சுக்கோங்க. இன்ஸ்பெக்டர்கிட்டக் காட்டிட்டு, கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க... வீலா? அதுவும் உங்களுக்குத்தான். நான் வந்து சொல்றேன் அவர்கிட்ட... வர்றேன், இதோ சட்டையைக் கையில எடுத்துட்டேன். எங்க வீட்டுல அவளும் வர்றா. நீங்க தனியா நிக்க வேண்டாம்... ஆமா, ரெண்டு பேரும்.”

மனைவி ஏற்கனவே பட்டறைக் கதவின் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?... உங்க போன்ல சார்ஜ் இல்லையா?... அதுக்கென்ன, இது சகலை போன்தானே, இதுலயே பேசுங்க... அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்... எப்படிச் சொல்றதுன்னா... வேற எதையும் முதல்ல சொல்லாதீங்கம்மா. அப்பா நம்மளை விட்டுட்டு ஓடிப்போகலன்னு சொல்லுங்க. அதை முதல்ல சொல்லுங்க. அப்புறம் மத்தது... ம்... ம்... ஆமாம்மா, அவ பொறக்கறதுக்கு முன்னாடி நீங்க வாங்கிக் குடுத்த அந்த வீலை, அவரு கடைசி வரைக்கும் கழட்டலன்னும் சொல்லுங்க... சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க... நான் வெச்சுடறேம்மா... இல்ல, நீங்களா வெக்க மாட்டீங்க, தெரியுது எனக்கு. நான்தான் வெக்கணும். பொண்ணுக்கு லைன் வேணும்... வந்துக்கிட்டே இருக்கோம்... வெக்கறேன்...”

வைத்தார்.